இருட்டில் எடுத்த படங்கள்

நம் பேரவை நிகழ்ச்சிகளில் கேமராவும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. குத்துவிளக்கு ஏற்றும் சிறப்பு விருந்தினர், பொன்னாடை போர்த்தும் கைகள், நாட்டியத்தில் ஒரு கால் தூக்கிய நொடி, கடைசியில் எல்லாரும் மேடையேறி நிற்கும் குழுப்படம். இரண்டு ஆண்டுகளில் இவற்றை எத்தனை முறை எடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் வருத்தம்தான் மிஞ்சும். மலர்க் குழுவினர், "படம் எடுப்பதைப் பற்றி ஒரு கட்டுரை கொடுங்கள், அக்கா" என்று கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நன்றாகப் படம் எடுப்பது எப்படி என்று பாடம் நடத்தும் தகுதி எனக்கில்லை. படமே எடுக்க வராமல் போன ஒரு காலத்தைப் பற்றியும், அப்போது செய்து பார்த்த சில வித்தைகளைப் பற்றியும் வேண்டுமானால் எழுதலாம் என்று பிறகு ஒப்புக்கொண்டேன்.

2022ஆம் ஆண்டின் நடுவில், கெடாவில் பாட்டி இருந்த தோட்டத்திலிருந்து செய்தி வந்தது. மிஞ்சியிருந்த ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நடப்போகிறார்கள். லயத்து வீடுகளில் இருப்பவர்கள் ஆண்டு முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். இதில் புதுமை ஒன்றுமில்லை. உலகிலேயே அதிகமாக ரப்பர் விளைவித்த நாடு என்ற பெயரை 1990களின் தொடக்கத்திலேயே மலேசியா தாய்லாந்திடம் விட்டுக்கொடுத்துவிட்டது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி இருந்த தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகவோ செம்பனைக் காடுகளாகவோ இருக்கின்றன. ஆனால் இது என் பாட்டியின் வீடு. கையில் கேமரா வைத்திருக்கும் ஒரே பேத்தி நான்.

ஒரு வாரக் கடைசியில் போய் 340 படங்கள் எடுத்து வந்தேன். விடுதிக்குத் திரும்பி, கணினியில் போட்டுப் பார்த்தபோது நெஞ்சு கனத்துப் போயிற்று. வீடு இருந்தது, கோயில் இருந்தது, கிணறு இருந்தது, மரம் இருந்தது. எல்லாம் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்ப எடுத்த படங்கள் போல இருந்தன. பாட்டி மட்டும் எதிலும் இல்லை. கேமராவைக் கண்டாலே முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். "இந்தக் கிழவி மூஞ்சிய வச்சு என்ன பண்ணப் போற?" என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி.

அப்போது ஒரு மூத்த மாணவர் சொன்ன யோசனைதான் தொடக்கம். "கேமரா எப்படிச் செய்யச் சொல்கிறதோ அப்படியே செய்கிறாய். ஒரு மாதம் அதைத் தவறாகப் பயன்படுத்திப் பார்" என்றார். அவர் கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவர் சொன்னதன் பொருளை விளக்க, கொஞ்சம் அடிப்படை வேண்டும். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். கேமராவுக்குள் வரும் ஒளியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. லென்சில் ஒளி நுழையும் துளை எவ்வளவு பெரியது, திரை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, உள்ளே இருக்கும் உணரி ஒளிக்கு எவ்வளவு கூர்மையாக அமைக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவதைத்தான் ஐ.எஸ்.ஓ. என்கிறோம். தானியங்கி முறையில் விட்டுவிட்டால், படம் ஆடாமல் அசையாமல் வரும்படி கேமரா இவற்றைத் தானே அமைத்துக்கொள்ளும். பெரும்பாலும் திரை ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவான நேரமே திறந்திருக்கும். பயன் என்னவென்றால், படம் கெடாது. விலை என்னவென்றால், எல்லாருடைய படமும் ஒரே மாதிரி இருக்கும்.

முதலில் எளிதானவற்றில் கை வைத்தேன். திரையை அரை நொடி திறந்து வைத்து, மரங்களைப் பார்த்துக் கேமராவை மேலும் கீழுமாக இழுத்தால் நீர்வண்ண ஓவியம் போல வரும். விடுதிக்கு வெளியே சாலையோரம் நின்று, ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு வைத்து, போகும் மோட்டார் சைக்கிளோடு கேமராவையும் திருப்பினால் வண்டி தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் வரும். இருபது எடுத்தால் ஒன்று தேறும். ஒரே படத்தில் இரண்டு காட்சிகளை ஏற்றுவதையும் செய்து பார்த்தேன். தோழிகள் "சூப்பர்" என்றார்கள். எனக்கு மூன்றே நாளில் அலுத்துவிட்டது. கறியே இல்லாமல் மசாலாவை மட்டும் தாளித்தது போல ஒரு வெறுமை. இவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. கை பழக நல்ல பயிற்சி. ஆனால் எனக்கு வேண்டியது இதில் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

அடுத்துச் செய்ததுதான் என்னை உலுக்கியது. அதற்குக் கேமராவே தேவையில்லை. அறையே கேமரா.

ஓர் அறையை முழுக்க இருட்டாக்கி, வெளிச்சம் வரும் பக்கத்தில் ஒரே ஒரு சிறு துளை மட்டும் விட்டால், வெளியே இருக்கும் காட்சி எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். ஒளி நேர்கோட்டில்தான் போகும். மரத்தின் உச்சியிலிருந்து கிளம்பும் ஒளி துளை வழியே சரிந்து சுவரின் கீழ்ப்பகுதிக்கு வருகிறது. மரத்தின் அடியிலிருந்து கிளம்புவது மேலே போகிறது. அவ்வளவுதான் விஷயம். 11ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல் ஹைதம் என்ற அரபு அறிஞர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அபெலார்டோ மோரெல் என்ற புகைப்படக் கலைஞர் 1991 முதல் அறைகளை இப்படி இருட்டாக்கி, உள்ளே விழும் உலகத்தைப் படமெடுத்து வருகிறார். தொடக்கத்தில் பிலிமில் எடுத்தபோது ஒரு படத்துக்கு எட்டு மணி நேரம்கூட அவர் காத்திருந்தாராம்.

நானும் அறைத்தோழியும் கறுப்புக் குப்பைப் பைகளையும் ஒட்டுநாடாவையும் வாங்கி வந்து, ஒரு சனிக்கிழமை காலை முழுக்கச் சன்னலை அடைத்தோம். கதவிடுக்கில் துண்டைச் செருகினோம். நடுவில் ஒன்றரை செண்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் வெட்டினேன். ஒன்றுமே தெரியவில்லை. ஏமாந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டோம். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. மெல்ல மெல்ல, சுவரில் ஒட்டியிருந்த பாட அட்டவணையின் மேல், வெளியே நின்ற மழைமரம் தலைகீழாகத் தொங்கியது. கார் நிறுத்துமிடம் விட்டத்துக்குப் போய்விட்டது. ஒரு மாணவர் கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டே கூரையில் தலைகீழாக நடந்து போனார். நாங்கள் இருவரும் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். திறந்தவுடன் மரம் மறைந்தது.

செய்து பார்க்க விரும்புவோருக்கு: துளை பெரிதானால் படம் வெளிச்சமாகும், ஆனால் மங்கலாகும். சிறிதானால் கூர்மையாகும், ஆனால் இருளும். ஒன்றிலிருந்து ஒன்றரை செண்டிமீட்டர் சரியாக இருக்கும். வெளியே நல்ல வெயில் வேண்டும். சுவர் வெள்ளையாக இருப்பது நல்லது. கேமராவை முக்காலியில் வைத்து, துளையை முழுதும் திறந்து, ஐ.எஸ்.ஓ. 800இல் 20 நொடி கொடுத்தபோது எனக்கு நல்ல படம் கிடைத்தது.

டிசம்பர் விடுமுறையில் குப்பைப் பைகளோடு தோட்டத்துக்குப் போனேன். பாட்டியின் வீட்டு முன்னறை வாசலுக்கு நேரே, ஐம்பதடி தள்ளி, மாரியம்மன் கோயில். அந்தச் சன்னலை அடைத்துத் துளையிட்டால், தாத்தாவின் மாலை போட்ட படம் மாட்டியிருக்கும் சுவரில் கோயில் வந்து விழும். பேருந்தில் போகும்போதே அந்தப் படத்தை மனத்துக்குள் எடுத்து முடித்துவிட்டேன்.

நினைத்தது போலவே விழுந்தது. கோபுரத்தின் நீலமும் சிவப்பும்கூடத் தெரிந்தன. முக்காலியை விரித்துக்கொண்டிருந்தபோது பாட்டி உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்தார்.

"கோயிலக் கவுத்துட்டியே, பாப்பா."

நான் விளக்கினேன். எல்லாக் கேமராவுக்குள்ளும் இப்படித்தான் தலைகீழாக விழுகிறது, நம் கண்ணுக்குள்ளும் இப்படித்தான், மூளைதான் நிமிர்த்திக் காட்டுகிறது என்றேன். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது உள்ளுக்குள்ள நடக்கிறது. இது என் செவுத்துல நடக்குது. வீட்ட விட்டுப் போற நேரத்துல கோபுரம் கவுந்து இருக்கிறதப் பாக்கணுமா நான்?"

அதற்குமேல் பேச என்னிடம் எதுவும் இல்லை. பைகளைக் கிழித்து எடுத்தேன். அந்தப் படம் என்னிடம் இல்லை. எடுத்துவிட்டுப் பிறகு கிழித்திருக்கலாமே என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அவர்கள் அந்த அறையில் நிற்கவில்லை.

ஆனால் அன்று பிற்பகல், நான் முகம் வாடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பாட்டி, சமையலறைத் தரையைக் காட்டினார். தகரக் கூரையில் பழைய ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் விழுந்து, தரையெங்கும் வட்ட வட்டமாகக் காசு இறைத்தது போல இருந்தது. "இதுவும் நீ சொன்ன கதைதானா?" என்று கேட்டார். அதுவேதான்! ஆணி ஓட்டை சதுரமாக இருந்தாலும், கிழிசலாக இருந்தாலும் தரையில் விழுவது வட்டமே. அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். ஓட்டைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை ஏறத்தாழ 108ஆல் வகுத்தால் அந்த வட்டத்தின் அகலம் வரும். 3 மீட்டர் உயரத்துக் கூரை என்றால் 3 செண்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

"அப்ப அன்னிக்கு வந்ததும் அதுதான்" என்றார். எது என்று கேட்டேன். 2019 டிசம்பர் 26ஆம் நாள் சூரிய கிரகணம். ஜொகூரின் தென்முனையிலும் சிங்கப்பூரிலும் அது நெருப்பு வளையமாகத் தெரிந்தது. கெடாவில் பகுதி கிரகணம். கிரகண நேரத்தில் வெளியே போகக்கூடாது என்று பாட்டி கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் இருந்திருக்கிறார். தரையில் இருந்த வட்டங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தேய்ந்து பிறைகளாகிவிட்டன. "நூறு பிறை இருந்துச்சு. யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டாங்கன்னு சொல்லல." கிரகணத்தைப் பார்க்கக்கூடாது என்று ஒளிந்திருந்தவர், எங்கள் குடும்பத்திலேயே அதை முழுதாகப் பார்த்தவர் ஆகிவிட்டார். நான் அன்று கோலாலம்பூரில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு பாட்டிக்கு என் கேமராமீது இருந்த பகை குறைந்தது. இருட்டில் என்னவெல்லாம் எடுக்கலாம் என்று அவரே கேட்டார். திரையை நெடுநேரம் திறந்து வைத்து, கையில் விளக்கோடு ஒருவர் நடந்தால் ஆள் தெரியமாட்டார், விளக்கு போன பாதை மட்டும் கோடாக விழும் என்றேன். பிக்காசோ 1949இல் அப்படி இருட்டில் சின்ன விளக்கை வைத்துக் காற்றில் வரைந்ததையும், ஜான் மிலி என்பவர் அதைப் படமெடுத்ததையும் என் கைத்தொலைபேசியில் காட்டினேன். பாட்டிக்குப் பிக்காசோவின்மேல் பெரிய மரியாதை உண்டாகவில்லை. "ஆள் தெரியமாட்டாங்களா?" என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு உள்ளே போய், பரணில் இருந்த தலைவிளக்கையும் பால் வெட்டும் கத்தியையும் எடுத்து வந்தார்.

பால் மரம் வெட்டுவது ஏன் விடியுமுன் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் அதிகமாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரையில் இறங்குவார்கள். பாட்டி தன் கணக்காக ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் என்பார். பட்டையை மெல்லியதாக, ஒரே சீராகச் சீவ வேண்டும். ஆழம் போனால் மரம் புண்ணாகும். மேலாகப் போனால் பால் வராது. இப்படி முப்பத்தைந்து ஆண்டுகள்.

தொழிலாளரின் கை அசைவை ஒளிக்கோடாகப் பதிவு செய்வது பழைய யோசனைதான். அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1910களில் தொழிலாளர்களின் கைகளில் சிறு விளக்குகளைக் கட்டி இப்படிப் படமெடுத்தார்கள். வீணான அசைவுகளைக் கண்டுபிடித்து நீக்குவது அவர்கள் நோக்கம். என் பாட்டியின் அசைவில் நீக்குவதற்கு என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குச் செம்மண் சாலையோர நிரைக்குப் போனோம். வெட்டுவதற்காகக் குறியிடப்பட்ட மரங்கள். மாமா டார்ச் விளக்கோடு கூட வந்தார். அந்த இருட்டில் கேமராவின் தானியங்கிக் குவியம் வேலை செய்யாது. பாட்டியை நடு மரத்தருகே விளக்கோடு நிற்கச் சொல்லி, அதைப் பார்த்துக் கையால் குவியத்தை அமைத்து, பிறகு அதைத் தொடவே இல்லை. துளை எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 200, திரையை நானே திறந்து நானே மூடும் முறையில் நான்கு நிமிடம். பொத்தானை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தால் கேமரா ஆடும் என்பதால் கம்பி வைத்த தனிப் பொத்தான் ஒன்று வாங்கியிருந்தேன்.

முதல் படம் வெறும் கறுப்பு. நான் பாட்டிக்குப் பின்னால் நின்றேன், அவர் தலையே விளக்கை மறைத்துவிட்டது. சாலைக்கு இந்தப் பக்கம் வந்து, பக்கவாட்டில் முக்காலியை வைத்தேன். இரண்டாவது படத்தில் பாட்டி நான் சரியாக நிற்கிறேனா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்ததால் விளக்கு நேராக லென்சில் அடித்து, நடுவில் மூன்று வெள்ளைப் பொத்தல்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. நெடுநேரப் படங்களில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலைக் குறைக்கும் வசதியை முடுக்கிவிட்டிருந்தேன். அதற்காகக் கேமரா, நான்கு நிமிடப் படம் எடுத்தபின் இன்னும் நான்கு நிமிடம் திரையை மூடிக்கொண்டு தனக்குள் வேலை செய்யும். அதுவரை அடுத்த படம் எடுக்க முடியாது. கொசுக்களுக்கு அந்த எட்டு நிமிடமும் விருந்து. "இதுக்குள்ள நான் இருவது மரம் வெட்டியிருப்பேன்" என்றார் பாட்டி.

வானம் வெளுக்குமுன் இன்னும் ஒரே ஒரு படத்துக்கு நேரம் இருந்தது. "என்னைப் பார்க்க வேண்டாம் பாட்டி, நான் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். திரையைத் திறந்தேன். எழுபத்தொரு வயதுப் பாட்டி, வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவர், அந்த இருட்டில் எதையும் பிடிக்காமல் மரத்துக்கு மரம் போனார். கத்தி பட்டையில் படும் சத்தம் மட்டும் கேட்டது. பல காலமாக வெட்டாமல் கிடந்த மரங்களில் பால் வந்தது. வைக்க மங்கு இல்லை. அது பட்டையில் வழிந்து தரைக்குப் போயிற்று.

அந்தப் படத்தில் பாட்டி இல்லை. கறுத்த உடையோடு நகர்ந்துகொண்டே இருந்ததால் உணரியில் அவர் பதியவில்லை. இடப்பக்கத்திலிருந்து ஒரு வெளிச்சக் கோடு வருகிறது. மரத்தருகே வந்ததும் குனிந்து, சரிவாக ஒரு சின்னக் கொக்கி போட்டு, நிமிர்ந்து அடுத்த மரத்துக்குப் போகிறது. விளக்கு பட்ட இடத்தில் மட்டும் பட்டையின் வெட்டுப்பகுதி மஞ்சளாகத் தெரிகிறது. ஏழு மரம், ஏழு கொக்கி. ஒரே கையெழுத்தில் ஒரே எழுத்தை ஏழு முறை எழுதியது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். படம் அழகாக இருக்கிறதா என்றெல்லாம் அவர் பேசவில்லை. படித்தார். "இது கோணல் மரம், இங்க நான் ரெண்டு எட்டு சுத்திப் போகணும், பாரு." கோடு உண்மையாகவே அங்கு வளைந்திருந்தது. "இது வேர் தடுக்குற எடம்." அங்கே கோடு மேலே துள்ளியிருந்தது. "இந்த மரத்துல உங்க தாத்தா பழைய புண்ணு ஒண்ணு வச்சிட்டாரு, அதத் தாண்டித்தான் கத்திய வைக்கணும்." நான் எடுத்த படத்தில் எனக்குத் தெரியாத அத்தனையும் இருந்தன. 340 படங்களில் இல்லாத பாட்டி, ஆளே தெரியாத இந்தப் படத்தில் இருந்தார்.

கடைசி மரத்துக்கு வந்ததும் முகம் சுருங்கியது. ஏழாவது மரம் படத்தின் ஓரத்தில் பாதியோடு நின்றிருந்தது. அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.

"நிரையிலயே நல்லா பால் குடுக்குற மரம் இதுதான். இதப் போயிப் பாதியில விட்டுட்டியே, பாப்பா."

அடுத்த முறை முழுதாக எடுத்துவிடலாம் என்றேன். பிப்ரவரியில் போனபோது நிரை இருந்த இடத்தில் புல்டோசர் தடங்களும் அடுக்கி வைத்த கட்டைகளும்தான் இருந்தன. அந்தப் படம் இப்போது மாமா வீட்டு வரவேற்பறையில், தாத்தா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது. விருந்தாளிகள் இது என்ன என்று கேட்டால் பாட்டி எழுந்து போய்க் காட்டுவார். ஏழாவது மரத்துக்கு வரும்போது, சட்டத்துக்கு வெளியே, வெறும் சுவரில் விரலை வைத்து மீதிப் பாதியை வரைந்து காட்டுவார்.